சேலை கட்டி வரவும்

புவக்கொட மகா வித்தியாலயத்து வாசலில் புருஷன் மறிப்பான், எதிர்க் கடையில் பெண்சாதி சேலை கட்டிவிடுவாள், இரண்டு பேருமாகச் சேர்ந்து ஊரையே உடுத்திவிடுகிறார்கள் என்று சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சோமலதாவின் காதிலும் அது விழும். அவள் கோபித்துக்கொள்வதில்லை. அதில் பொய் ஒன்றும் இல்லையே.

பள்ளிக்கூடத்து இரும்புக் கதவில் நீலப் பலகை ஒன்று தொங்கியது. ‘தாய்மார் சேலை அணிந்தே உள்ளே வரவேண்டும் - அதிபர்.’ பலகைக்குக் கீழே ஒரு முக்காலி, முக்காலியின்மேல் காவலாளி, அவள் புருஷன் விமலசேன. தெருவைக் கடந்தால் சோமலதாவின் கடை. முன்னால் கொப்பி, பென்சில், போட்டோக்கொப்பி இயந்திரம். பின்னால் பூப்போட்ட திரைச்சீலை. அந்தத் திரைக்குப் பின்னால் பதினான்கு சேலைகள், பிஸ்கட் தகரம் நிறைய ஊசிகள், ஓர் ஆளுயரக் கண்ணாடி. றப்பர் வெட்டுகிறவள், கார்மெண்ட்ஸில் இராவேலை முடிந்து வருகிறவள், ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிறவள், யாராயிருந்தாலும் வேலைத்தலத்திலிருந்து நேரே வந்தால் முதலில் இந்தத் திரைக்குப் பின்னால்தான் நுழைய வேண்டும். நாலு நிமிஷம். இடுப்பில் விசிறிபோல மடிப்பு விழும் ஒசரியா, சாதாரணக் கட்டா, கேட்டபடி கட்டிவிடுவாள். திருப்பித் தர வரும்போது சிலர் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டு வருவார்கள், சிலர் சிரிப்பை மட்டும் கொண்டு வருவார்கள்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்து இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி. மார்ச் மாதம். மலைச்சரிவில் றப்பர் மரங்கள் பழைய இலையையெல்லாம் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் தளிர்த்திருந்தன. ஏழு மணிக்கே பாண்டு வாத்தியம் முழங்கத் தொடங்கிவிட்டது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கொடிகள் தெருவரைக்கும் வந்து தொங்கின. கடைக்குள்ளே திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெண்கள் நெருக்கியடித்தார்கள்.

“அக்கே, எனக்கு நீலம். என் மகன் நீல இல்லம்.”

“நீலம் மூணும் போயிருச்சு. மஞ்சள் இருக்கு.”

“ஐயோ, மஞ்சளைக் கட்டிக்கிட்டு நீலத்துக்குக் கத்தினா அவன் என்னை வீட்டுக்குள்ளயே சேர்க்க மாட்டான்.”

“அப்ப வெள்ளையைக் கட்டு. யாருக்கு வேணும்னாலும் கத்தலாம்.”

“வெள்ளையா? நான் என்ன பன்சலைக்குக் கும்பிடவா போறேன்?”

சோமலதா வாயில் மூன்று ஊசிகளைக் கவ்விக்கொண்டே சிரித்தாள். விரல்கள் தம்பாட்டுக்கு மடிப்பெடுத்தன. சேலையின் முந்தி தோளில் ஏறியதும் ஒவ்வொருத்தியும் கண்ணாடியில் ஒரு கணம் தன்னைப் பார்ப்பாள். அந்த ஒரு கணத்தைப் பார்க்கச் சோமலதாவுக்கு இன்னும் அலுக்கவில்லை. கூனிக்குறுகி உள்ளே வந்தவள் முதுகை நிமிர்த்தித் தெருவைக் கடப்பாள். விமலசேன எழுந்து நின்று கதவைத் திறப்பான்.

எட்டு மணியளவில் ஹிருணி ஓடி வந்தாள். பதினான்கு வயது. கால்கள் இரண்டும் கொக்கின் கால்கள். சிவப்புச் சட்டை, மார்பில் நாற்பத்தேழு என்று எழுதிய துணி ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது.

“சோமா ஆண்டி, ஊசி ஒண்ணு!”

“வா, இப்படி நில்லு. என்ன ஓட்டம் இன்னைக்கு?”

“எண்ணூறு மீட்டர். நாலு சுத்து. பின்னேரம் அஞ்சலோட்டமும் இருக்கு, கடைசி ஆள் நான்தான்.”

“அடேயப்பா. அம்மா வர்றாளா?”

சிறுமியின் முகம் கொஞ்சம் சுருங்கியது. “எங்க வர்றது? றப்பர்ப் பால் எடுக்கணுமே. நான் சொன்னேன், வர்றதுன்னா சாரி கட்டிக்கிட்டு வாங்க, இல்லாட்டி வாசல்ல விமலே மாமாகிட்ட சண்டை போட வேண்டி வரும்னு. மேல மரத்துக்கு நடுவுல நின்னு பார்க்கிறேன்னு சொன்னா.”

“மேல நின்னா என்ன தெரியும்? எறும்பு ஊர்ற மாதிரித் தெரியும்.”

“அம்மாவுக்குத் தெரியும். நான் ஓடுற விதம் அவளுக்குத் தெரியும்.”

சோமலதா பாற்சோற்றுத் துண்டு ஒன்றைக் கட்டைச் சம்பலோடு வாழையிலையில் வைத்து நீட்டினாள். “காலையில என்ன சாப்பிட்ட?”

“இப்ப ஒண்ணும் இறங்காது ஆண்டி. ஓடிட்டு வந்து சாப்பிடுறேன்.” ஊசி குத்தியதும் ஒரே பாய்ச்சல். தெருவைக் கடந்து, விமலசேனவின் கைக்குக் கீழாகப் புகுந்து மறைந்துவிட்டாள்.

ஹிருணியின் தாய் மல்காந்தி, பள்ளிக்கூடத்துக்கு நேர் மேலே இருக்கிற றப்பர்த் தோட்டத்தில் வெட்டு வேலை செய்தாள். விடியுமுன் மரத்துக்கு மரம் கத்தி போட்டுச் சிரட்டை வைத்துவிட்டு, வெயில் ஏறியதும் வாளியோடு பாலைச் சேர்த்துப் போக வேண்டும். பால் உறையுமுன் ஸ்டோருக்கு நிறுவைக்குக் கொண்டுபோகாவிட்டால் அன்றைய பாடு வீண். தகப்பன் இல்லை. தாயும் மகளும்தான்.

ஒன்பதரைக்குள் பதினான்கு சேலைகளில் பதிமூன்று உள்ளே போய்விட்டன. மிச்சம் ஒன்று, யாரும் விரும்பாத கத்தரிப்பூ நிற நைலெக்ஸ். சோமலதா ஒரு கோப்பை பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு, கருப்பட்டித் துண்டைக் கடித்தபடி கடை வாசலில் வந்து நின்றாள். வீட்டில் உடுத்தும் தொளதொளத்த கவுன்தான் அவளுடைய கடை உடுப்பு. எதிரே விமலசேன தொப்பியைச் சரிசெய்தான்.

“என்ன, எல்லாரையும் கட்டி அனுப்பிட்டியா?” என்று தெருவுக்கு மேலாகக் கேட்டான்.

“அனுப்பிட்டேன். உங்களுக்கு ஒண்ணு மிச்சம் இருக்கு, கட்டிவிடவா?”

“கட்டிவிடு. அப்பவாவது அதிபர் மெடம் என்னைப் பார்த்துச் சிரிப்பாங்களான்னு பார்ப்போம்.”

ஒலிபெருக்கி கரகரத்தது. எண்ணூறு மீட்டர். துப்பாக்கி வெடித்தது. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தல் எழுந்தது. ஒரு சுற்று. அறிவிப்பாளர் குரல் மேலே மேலே ஏறியது. “சிவப்பு முன்னால! நாற்பத்தேழாம் இலக்கம் முன்னால!” சோமலதா கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள். இரண்டாம் சுற்று. “இன்னும் சிவப்புதான்! நாற்பத்தேழு! கிட்ட யாருமில்லை!” விமலசேனவும் எழுந்து முக்காலிமேல் ஏறி எட்டிப் பார்த்தான்.

மூன்றாம் சுற்றில் கத்தல் சட்டென்று நின்றது. நீண்டதொரு “ஆஆ” மட்டும் கேட்டது.

“என்னங்க? என்ன ஆச்சு?”

“விழுந்துட்டா. அந்தச் சிவப்புப் பிள்ளை. எழும்பல.”

ஒலிபெருக்கியில் குரல் வந்தது. “இலக்கம் நாற்பத்தேழு, ஹிருணியின் அம்மா மைதானத்தில் இருந்தால் உடனடியாக முதலுதவிக் கூடாரத்துக்கு வரவும்.”

அதற்குள் மலைச்சரிவில் சருகுகள் சரசரத்தன. மரங்களுக்கு நடுவே ஒருத்தி சறுக்கிக்கொண்டும் உருண்டுகொண்டும் இறங்கி வந்தாள். மல்காந்திதான். காலில் செருப்பு ஒன்று இல்லை. தலையில் கட்டிய துணி அவிழ்ந்து கழுத்தில் கிடந்தது. பழைய ஆண் சட்டை, முழங்காலுக்குத் தூக்கிச் செருகிய பாவாடை. இரண்டிலும் வருஷக்கணக்கான றப்பர்ப் பால் கருத்துக் காய்ந்து, துணியா தோலா என்று தெரியாதபடி விறைத்திருந்தது. கைகளில் அன்றைய பால் இன்னும் வெள்ளையாய் ஒட்டியிருந்தது. நேரே வாசலுக்கு ஓடினாள்.

விமலசேன முக்காலியிலிருந்து குதித்துக் கையை விரித்தான். “நில்லு, நில்லு தங்கச்சி. சாரி எங்க?”

“அண்ணே, என் மகளண்ணே! என்னைத்தான் கூப்பிடுறாங்க!”

“கேட்டேன். எனக்கும் காது இருக்கு. ரெண்டு நிமிஷம், அங்க பாரு, சோமாகிட்ட ஒண்ணைச் சுத்திக்கிட்டு ஓடி வா. நான் கதவைத் திறந்தே வைக்கிறேன்.”

“கண்ணால பார்த்தேன் அண்ணே, கட்டை மாதிரி விழுந்தா!”

“நான் என்ன செய்ய? போன வருஷம் ஒருத்தி கால்சட்டையோட நுழைஞ்சதுக்கு முழுப் பள்ளிக்கூடத்துக்கும் முன்னால எனக்கு ஏச்சு விழுந்தது. ஓடு, ஓடு, பேசுற நேரத்துல கட்டிடலாம்!”

மல்காந்தி தெருவைக் கடந்தாளா பறந்தாளா என்று தெரியாது. சோமலதா திரையை விலக்கி அவளை உள்ளே இழுத்தாள். கத்தரிப்பூ நைலெக்ஸை உதறினாள். சட்டைக்கு மேலேயே சுற்றத் தொடங்கினாள். கை பழகிய கை. சுற்று ஒன்று, செருகல் ஒன்று, மடிப்பு. ஆனால் மடிப்பு நிற்கவில்லை. மல்காந்தியின் முழங்கால்கள் இரண்டும் வெடவெடவென்று ஆடின. எடுத்த மடிப்பெல்லாம் கலைந்து காலடியில் விழுந்தது.

“அசையாம நில்லு நங்கி. அசையாம நில்லு.”

“நிக்கிறேன் அக்கே, நிக்கத்தானே செய்யிறேன்.”

“காலையில சாப்பிடல அவ. அதான். வேற ஒண்ணுமில்ல. மயக்கம்தான்.”

“ஹிருணியின் அம்மா, ஹிருணியின் அம்மா எங்கிருந்தாலும் உடனே வரவும்.”

மல்காந்தியின் கையிலிருந்த பால் சேலையில் ஒட்டி இழுத்தது. ஊசி ஒன்று சோமலதாவின் விரலில் குத்தியது. அவள் மறுபடி மடிப்பெடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அப்போது ஒலிபெருக்கியில் மூன்றாம் தடவை குரல் வந்தது. அறிவிப்பாளரின் குரல் இல்லை அது. விளையாட்டு ஆசிரியர் ஒலிவாங்கியைப் பறித்துப் பேசுகிறார் போலிருந்தது. “யாராவது அந்தப் பிள்ளையின் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. கண் திறந்துட்டா, அம்மா அம்மான்னு கேக்கிறா.”

சோமலதாவின் விரல்கள் நின்றன. தன் கையிலிருக்கும் மூன்று மடிப்பைப் பார்த்தாள். ‘நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?’ என்று தன்னையே கேட்டாள். ஒன்பது வருஷமாக எத்தனை பேருக்குக் கட்டிவிட்டோம் என்று ஊரெல்லாம் பெருமை பேசிய கை, பிள்ளை கூப்பிடும்போது தாயை இடுப்பில் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது.

“விடு,” என்றாள். சேலையைப் பற்றி ஒரே இழுப்பாய் இழுத்தாள். அது சுழன்று தரையில் விழுந்தது. “வா என்னோட.”

மல்காந்தியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். விமலசேனவின் கண்கள் விரிந்தன.

“சோமே! என்ன இது? நீயுமா? கவுனோட?”

“கதவைத் திறங்க.”

“அதிபர் மெடம் மேடையில நிக்கிறாங்க. இங்கதான் பார்க்கிறாங்க.”

“பார்க்கட்டும். நல்லாப் பார்க்கட்டும்.”

“என் வேலை போயிரும்டி.”

“இதைத் திறக்காம அந்த முக்காலியில நாளைக்கும் உட்காருவீங்களா? உட்கார முடியுமா உங்களால? சொல்லுங்க, முடியும்னா நான் இப்படியே திரும்பிப் போறேன்.”

விமலசேன மேடையைப் பார்த்தான். மல்காந்தியைப் பார்த்தான். பிறகு கதவின் தாழை மெதுவாக நீக்கிவிட்டு, “சப்பாத்து நாடா அவிழ்ந்துபோச்சு” என்று முணுமுணுத்துக்கொண்டே முதுகைக் காட்டிக் குனிந்தான்.

இரண்டு பெண்களும் உள்ளே ஓடினார்கள்.

மைதானத்தின் ஓரத்தில் சேலை கட்டிய தாய்மார் வரிசை வரிசையாக நாற்காலிகளில் இருந்தார்கள். சோமலதாவின் பதிமூன்று சேலைகளும் அங்கே இருந்தன. கருப்புப் பிடித்த சட்டையோடு மல்காந்தி அவர்களுக்கு முன்னால் குறுக்கே ஓடியபோது, வரிசை முழுவதும் தலை திரும்பியது. றப்பர்ப் பாலின் புளித்த வாடை காற்றில் வந்தது. ஒருத்தி முந்தியை மூக்கில் வைத்தாள். இன்னொருத்தி எழுந்து நின்று, “விடுங்க, வழி விடுங்க, அவதான் அம்மா!” என்று கத்தினாள். காலையில் வெள்ளைச் சேலை வேண்டாம் என்றவள்தான் அவள்.

கூடாரத்தில் ஹிருணி பாயில் படுத்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. ஒரு டீச்சர் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் கரண்டியால் கொடுத்துக்கொண்டிருந்தார். மல்காந்தி மண்டியிட்டு விழுந்து மகளை அள்ளினாள்.

ஹிருணி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “அம்மே, இப்படியேவா வந்தீங்க?”

“இல்ல, தேர்ல வந்தேன். காலையில ஏன்டி ஒண்ணும் தின்னல?”

“கையில பால், சட்டையெல்லாம் ஒட்டுது.”

“ஒட்டட்டும்.”

சிறுமி தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டுதான் போனார்கள். பிரிக்கும்போது நாற்பத்தேழு என்ற துணி மல்காந்தியின் முன்கையோடு வந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் சிரித்தே விட்டார். சோமலதா ஓடிப்போய்ப் பாற்சோற்றை எடுத்து வந்தாள். போகவும் வரவும் அவளை யாரும் மறிக்கவில்லை. விமலசேன இன்னும் குனிந்துதான் இருந்தான்.

பின்னேரம் அஞ்சலோட்டத்தில் ஹிருணியை ஓட விடவில்லை. வேறொரு பிள்ளை ஓடியது. கூடாரத்து வாசலில் தாயும் மகளும் நின்று கத்திய கத்தலில் மேகமே இடித்ததா, இவர்கள்தான் இடித்தார்களா என்று தெரியவில்லை. சிவப்பு இல்லம் ஒரு சாண் வித்தியாசத்தில் முந்தியது. மழையும் அந்த நேரம் பார்த்துக் கொட்டியது. நூற்றுக்கணக்கான சேலைகளும் றப்பர்ப் பால் காய்ந்த ஒரு சட்டையும் ஒன்றாக நனைந்தன.

அன்று வீட்டில் விமலசேன சாப்பிட உட்கார்ந்தான். தேங்காய் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தான். கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் போட்டான். திங்கட்கிழமை எட்டு மணிக்கு அதிபரின் அறைக்கு வந்து விளக்கம் தரவேண்டும். சம்பந்தப்பட்ட இரண்டு பெண்களையும் அழைத்து வரவேண்டும்.

“சம்பந்தப்பட்ட பெண்கள்,” என்று சோமலதா வாசித்தாள். “என்னை என் புருஷனோட சம்பந்தப்பட்ட பெண்ணுன்னு இப்பத்தான் எழுத்துல போட்டிருக்காங்க.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான். முடியவில்லை. சிரித்து முடித்ததும், “வேலை போனா என்ன செய்யிறது சோமே?” என்றான்.

“போகட்டும் பார்ப்போம். கொப்பி விக்கிறதுக்கு எனக்கும் ஆள் வேணும். ஆனா என் கடையில வேலை பார்க்கிறவர் முகத்தை உம்முன்னு வச்சிருக்கக் கூடாது.”

திங்கட்கிழமை ஏழு மணிக்கு மல்காந்தி கடைக்கு வந்தாள். குளித்து, தலையைச் சீவி, நெடுநேரம் தேய்த்துக் கழுவிய கைகளோடு.

“அக்கே, எனக்கு ஒரு ஒசரி கட்டிவிடு. நல்லதாப் பார்த்து.”

சோமலதா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். “பைத்தியமா உனக்கு? அன்னைக்கு நாம செஞ்சது என்ன, இன்னைக்கு நீ செய்யிறது என்ன? நான் இதே கவுனோடதான் போகப்போறேன். அன்னைக்குத் தப்புச் செஞ்சவ இவதான்னு அவங்களுக்கு அடையாளம் தெரியணும்ல.”

“நீ கவுனோட வா. நான் வேணாம்னு சொல்லல. எனக்குச் சாரி வேணும்.”

“ஏன்?”

“ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. கட்டிவிடு, அக்கே.”

சோமலதா கட்டிவிட்டாள். செங்கல் நிறம், மெல்லிய தங்கக் கரை. இந்தத் தடவை முழங்கால் ஆடவில்லை. மடிப்பு ஒவ்வொன்றும் சொன்ன இடத்தில் விழுந்தது. மல்காந்தி கண்ணாடியைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள்.

வாசலில் நாற்பது ஐம்பது தாய்மார் சேர்ந்திருந்தார்கள். யார் சொல்லி வந்தார்களோ தெரியாது. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் சேலையில் இல்லை. ஆஸ்பத்திரி நீலச் சீருடை, கார்மெண்ட்ஸ் மேலங்கி, பாவாடை, கவுன். ஓட்டோக்காரர்கள் சந்தியை விட்டுவிட்டு இங்கே வந்து நின்றார்கள். “விமலே அண்ணே, சப்பாத்து நாடாவைக் கட்டிட்டீங்களா?” என்று ஒருவன் கத்த, கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அதிபர் எகொடவெல மெடத்தின் அறையில் ஒரு மேசை, ஒரு கடிகாரம், இரண்டு நாற்காலிகள். மெடத்துக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கஞ்சி போட்ட பருத்தி ஒசரி. அந்த ஒசரியில் ஒரு சுருக்கத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக மூன்று பேரையும் பார்த்தார். செங்கல் நிற ஒசரியில் கொஞ்சம் அதிகநேரம் அவர் பார்வை நின்றது.

“விமலசேன. அன்னைக்கு நீங்க கீழே குனிஞ்சு சப்பாத்து நாடா கட்டிக்கிட்டு இருந்தப்போ இந்த ரெண்டு பேரும் உங்களைத் தாண்டி நுழைஞ்சிட்டாங்க. அப்படித்தானே?”

விமலசேன தப்பிக்க அவர் கதவொன்றைத் திறந்து வைக்கிறார் என்பது சோமலதாவுக்குப் புரிந்தது. புருஷனை ஓரக்கண்ணால் பார்த்தாள். விமலசேன தன் காலைக் குனிந்து பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

“இல்ல மெடம். என் சப்பாத்துல நாடாவே இல்ல. நான்தான் திறந்தேன்.”

சோமலதா அவனைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணம் முடித்து இருபது வருஷத்தில் அந்த மனிதனை அன்றைக்குப்போல அவளுக்குப் பிடித்ததில்லை.

மெடம் பேனாவைக் கீழே வைத்தார். “நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த வருஷமே என் முதலாவது பெற்றோர் கூட்டத்தை வச்சேன். டாக்டர் வீட்டு நோனாமார் ஜீன்ஸோட வந்து முன்வரிசையில கால் மேல கால் போட்டு உட்கார்ந்தாங்க. றப்பர் வெட்டுறவங்க கழுவி வெளுத்த பாவாடையோட சுவர் ஓரமா நின்னாங்க. நாற்காலி காலியா இருந்தது. உட்காருங்கன்னு மூணு தடவை சொன்னேன். ஒருத்தரும் உட்காரல. அடுத்த கூட்டத்துக்கு எல்லாரும் சாரின்னு சொன்னேன். எல்லாரும் உட்கார்ந்தாங்க. யார் எந்த வீடுன்னு எனக்கே தெரியல. அதுக்குத்தான் அந்தப் பலகை. தாய்மாரை வெளியில நிறுத்தன்னு நினைச்சீங்களா?”

“நினைக்கல மெடம்,” என்றாள் சோமலதா. குரல் உயர்ந்துவிட்டது. தாழ்த்திக்கொண்டாள். “நீங்க சொல்றது சத்தியம். என் திரைக்குப் பின்னால அதை நான் தினமும் பார்க்கிறேன். ஆனா உட்கார்ந்தவங்களைத்தான் நீங்க பார்த்தீங்க. வாசல்ல இருந்து திரும்பிப் போனவங்களை நான் பார்த்தேன். எல்லாருக்கும் கட்டிவிட என்கிட்ட பதினாலுதான் இருக்கு மெடம். அன்னைக்கு ஒண்ணு மிச்சமிருந்தது. அதைக் கட்டவும் ஒரு தாய்க்கு நேரமில்ல.”

மெடம் மல்காந்தியின் பக்கம் திரும்பினார். “நீங்க ஏன் இன்னைக்குச் சாரியோட வந்தீங்க?”

மல்காந்தி முந்தியை விரலில் சுற்றினாள். “அன்னைக்கு மகளுக்காக வந்தேன் மெடம். உடம்புல என்ன இருந்ததுன்னு எனக்கே தெரியாது. துணியே இல்லாட்டியும் வந்திருப்பேன். இன்னைக்கு உங்களோட பேச வந்திருக்கேன். பெரிய மனுஷி நீங்க. உங்க முன்னால நிக்கிறதுக்குக் கட்டணும்னு எனக்கே தோணிச்சு. யாரும் கட்டச் சொல்லல. அதான் மெடம் வித்தியாசம். வேற ஒண்ணும் எனக்குப் பேசத் தெரியாது.”

மெடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

“உட்காருங்க ரெண்டு பேரும்,” என்றார். உட்கார்ந்தார்கள். ஒரு நாற்காலியில் ஒசரி, மற்றதில் கவுன். “பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?”

“நல்லாத் தின்கிறா மெடம். இனிமே தின்னாம ஓட மாட்டேன்னு சத்தியம் வாங்கியிருக்கேன்.”

“அஞ்சலுக்கு நீங்க கத்தின கத்து இன்னும் என் காதுல இருக்கு.” உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பிறகு அதிபரின் குரல் திரும்பியது. “பலகையை நான் எடுக்க மாட்டேன். எடுத்தா அடுத்த கூட்டத்துல மறுபடியும் சுவர் ஓரமா நிப்பாங்க. ஆனா கீழே ஒரு வரி எழுதணும். விமலசேன, உங்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும். ஃபைல்ல போட்டுக்கலாம். இப்ப போய் வெள்ளைப் பெயிண்டும் தூரிகையும் எடுத்துட்டு வாங்க.”

அந்த வரியை மெடமே சொல்லச் சொல்ல, விமலசேன நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். ‘பிள்ளைக்கு ஏதாவது என்றால் எப்படி இருக்கிறீர்களோ அப்படியே வாருங்கள்.’ கூட்டம் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம்போட்டு வாசித்தது. முடிந்ததும் எழுந்த ஆரவாரத்தில் வகுப்புப் பிள்ளைகளெல்லாம் ஜன்னலுக்கு ஓடி வந்தார்கள். மல்காந்தி அதற்கு நிற்கவில்லை. நிறுவைக்கு நேரமாகிறது என்று ஒசரியை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டாள்.

மறுநாள் காலை சோமலதா கடையைத் திறந்து திரையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். சேலை கேட்டு ஒருத்தியும் வரவில்லை. எட்டு மணிக்கு எதிர்வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கார்மெண்ட்ஸ் மேலங்கியோடு ஏழெட்டுப் பெண்கள் விமலசேனவைச் சூழ்ந்து நின்றார்கள்.

“என் மகனுக்குக் காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு, அண்ணே.”

“என் மகளுக்குக் கணக்கு வரல. அதுவும் ஏதாவதுதானே?”

“என் மகன் காலையில ரெண்டு தடவை தும்மினான்!”

விமலசேன தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பலகையை நிமிர்ந்து பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் வாயில் குவித்துத் தெருவுக்கு மேலாகக் கத்தினான்.

“சோமே! தும்மல் ‘ஏதாவது’ல சேருமா?”

சோமலதா எழுந்து கடை வாசலுக்கு வந்தாள்.

“சேரும்!” என்று அவளும் கத்தினாள். “திறந்து விடுங்க!”